படுகளத்தில் பதில் சொல்பவர்கள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போது, கோடை மாதங்களில் சுவருக்குச் சுவர் ஒரே மாதிரி அறிவிப்புகள் ஒட்டியிருக்கும். மேலே திரௌபதி அம்மன் படம், அதன் கீழே ‘அக்னி வசந்த மகோற்சவம்’ என்ற தலைப்பு, அதற்கும் கீழே நாள்வாரியாக நிகழ்ச்சி நிரல்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம். ‘எங்க ஊர்ல பாரதம் வச்சிருக்காங்க’ என்று இந்த வட்டாரத்து மக்கள் சொல்வது இதைத்தான். நெல்லும் மல்லாட்டையும் விளைவிக்கிற ஊர்கள் வீட்டுக்கு வீடு வரி போட்டு, பிரசங்கியாருக்கும் கூத்து ஜமாவுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து, இருபது நாள் அளவுக்கு ஒரு போரை நடத்திப் பார்க்கின்றன.

இதை வழிபாடு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், நாட்டார் கலை என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சரி. ஆனால் பாரதக் கூத்தைத் தொடர்ந்து பார்க்கிற எவருக்கும் இன்னொன்றும் தெரியவரும். இந்தப் போர் நாடகத்தில் போர் மிகக் குறைவு. அம்பு விடுவதும் கதை சுழற்றுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; மீதி இரவெல்லாம் பேச்சு, தர்க்கம், முறையீடு, அழுகை. ஒவ்வொரு இரவும் ஒரு ஆள் நடுவில் நிறுத்தப்படுகிறார். அவர் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் ஊர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போரைக் காரணம் காட்டி எவரும் தப்பிக்க முடியாதபடி கட்டப்பட்ட நாடகம் இது.

இப்படி ஒரு நாடகம் இந்த மண்ணில் வேர்விட்டதில் எனக்கு வியப்பில்லை. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையிலான இந்த நிலம் படைகள் நடந்து நடந்து தேய்ந்த நிலம். செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி தேசிங்கு ராஜா மாண்டார். 1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முதுகெலும்பு அங்கே முறிந்தது. ஏழே ஆண்டுகளில், 1767 செப்டம்பரில், செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி, நிஜாம் படைகளும் கம்பெனிப் படையும் அடுத்தடுத்துப் போரிட்டன. யார் ஜெயித்தாலும் அரிசி கொடுத்ததும் மாட்டைப் பறிகொடுத்ததும் வழியிலிருந்த ஊர்கள்தான். தேசிங்கு கதை பாட்டாகவும் கூத்தாகவும் நிலைத்தது. மற்றபடி தளபதிகளின் வெற்றிகளுக்கு இந்த ஊர்கள் விழா எடுக்கவில்லை. எடுத்த விழா, வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து அழுகிற விழா.

அதற்கும் முன்னால் போகலாம். திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கே செங்கம், தண்டராம்பட்டு பகுதிகளில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்திலேயே ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூல் வெளியிடும் அளவுக்கு அவை கிடைத்தன. அந்தக் கற்களில் பல, ஆநிரைப் பூசலில் பட்ட சாதாரண சேவகர்களுக்கு எடுக்கப்பட்டவை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான் என்று கல் சொல்லும். எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மன் காலத்து வீரன் ஒருவனோடு அவன் நாயும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்தது என்று கல்லிலேயே பதிந்திருக்கிறார்கள். சண்டையில் யார் என்ன செய்தார் என்பதைப் பெயரோடு பதியும் அந்தப் பழக்கத்தைத்தான் பாரதக் கூத்து இரவுதோறும் பேச்சாகச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நிறுவ முடியாது. ஆனால் மனப்போக்கு ஒன்று.

பாரதம் இந்த மண்ணுக்கு வந்து தங்கியதற்குச் சான்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு, பரமேசுவரவர்மன் காலத்தில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு நிலத்தில் பங்கு ஒதுக்கியதைக் கூறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பாவைப் பாடியபோது அரசாண்டவன் தெள்ளாறெறிந்த நந்திவர்மன். அந்தத் தெள்ளாறு இன்றைய வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரவான் களபலியான கதை நமக்குக் கிடைக்கிற பழைய நூலும் அந்த வெண்பாதான். சுமார் 1400ஆம் ஆண்டையொட்டித் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூரார் பாரதத்தை விருத்தத்தில் பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதை விரித்து ஏறத்தாழப் பதினாலாயிரம் பாடலாக்கினார். இன்றும் பகலில் பந்தலில் உட்கார்ந்து பிரசங்கியார் விரித்துரைப்பது இந்த இரண்டு பாரதங்களையும் கலந்துதான். பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் பார்க்கிறது ஊர். இந்த வழிபாட்டின் மையமாகச் செஞ்சிப் பகுதியைக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல். 1988இலும் 1991இலும் வெளிவந்த அவருடைய இரண்டு தொகுதிகளில் செஞ்சியை ஒட்டிய மேலச்சேரித் திரௌபதி கோயில் பெரிய இடம் பெறுகிறது. திரௌபதிக்குக் காவலாகப் போத்துராஜாவோடு முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் அங்கே நிற்கிறார். படைகள் வந்துபோன மண்ணில் காவல் தெய்வத்துக்கு மத வேலி போடப்படவில்லை.

கூத்தின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேஷம் வருவதற்கு முன் இருவர் ஒரு திரையைப் பிடிக்கிறார்கள். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டிய ஆள் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறார். முகவீணையும் மிருதங்கமும் ஏறுகின்றன. திரை விலகியதும் கட்டியக்காரன் கேட்கிற முதல் கேள்வி: நீர் யார், எந்த ஊர், இங்கே எதற்கு வந்தீர்? துரியோதனனாகவே இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது. கட்டியக்காரன் அரசனுக்கு வேலைக்காரன், ஆனால் பேச்சு ஊர்க்காரனின் பேச்சு. ஜனங்கள் தங்களுக்குள் முணுமுணுப்பதை அவன் அரசனின் முகத்துக்கு நேராகக் கேட்பான், சிரிக்க வைத்துக்கொண்டே கேட்பான். இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போகிறீரே, திரும்பி எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு கட்டியக்காரன் துரியோதனனைக் கேட்டால், பந்தலில் இருக்கிற கிழவிக்கு அது தன் கேள்வியாகக் கேட்கும்.

பகடை துகில் இரவுக்கு வருவோம். துச்சாதனன் வேஷம் கட்டியவர் திரௌபதியின் கூந்தலைப் பற்றியிழுத்துச் சபைக்குக் கொண்டுவருகிறார். பெண் வேஷம் கட்டியிருப்பவர் ஆண்தான். நேற்றுவரை டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவராகவும் இருக்கலாம். ஆனால் சேலையில் கை வைக்கிற நேரம் வந்ததும் பல ஊர்களில் கூத்து நின்றுவிடுகிறது. ஆர்மோனியம் ஓய்கிறது. தட்டில் கற்பூரம் ஏற்றுகிறார்கள். துச்சாதனன் கட்டியவர் வேஷத்தோடேயே கீழே விழுந்து கும்பிடுகிறார், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். வேஷத்துக்காகச் செய்கிறேன் தாயே, குற்றம் கொள்ளாதே என்று வேண்டிக்கொள்கிறார். முன்வரிசையில் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். சிலருக்கு அருள் வந்துவிடுகிறது. கற்பூரம் எரிந்து தணிந்த பிறகுதான் கை மறுபடி சேலைக்குப் போகிறது.

கதையில் துச்சாதனன் ஏவப்பட்டவன், ஏவியவன் அண்ணன். மேலிடத்து உத்தரவு என்று அவன் சொல்லிவிடலாம். உலகத்தில் எத்தனையோ போர்க் குற்றவாளிகள் இதையே சொல்லித் தப்பப் பார்த்திருக்கிறார்கள். 1945இல் நியூரம்பர்க்கில் தொடங்கிய விசாரணையிலும் இந்த வாதம் எழுந்தது, தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிரக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பது அந்த நீதிமன்றத்துக்கு வகுத்த விதி. கூத்து அதைவிட ஒரு படி மேலே போகிறது. ஏவப்பட்டவனாக நடிப்பவனுக்குக்கூட விலக்கு இல்லை. பொய்யாகச் செய்தாலும் அந்தக் கை உன் கைதான், முதலில் அதற்கு மன்னிப்புக் கேள் என்கிறது. நடிப்பு வேறு, நடிகன் வேறு என்று பிரித்துப் பழகிய நவீன நாடகக்காரர்கள் இந்த இடத்தில் திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதுவே கூத்தின் உச்சமான அறம்.

அதே சபையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மீதும் வழக்கு உண்டு. வீட்டுமரும் துரோணரும் தலை குனிந்திருக்க, நூற்றுவரில் ஒருவனான விகர்ணன் எழுந்து இது தகாது என்கிறான். அவனை அடக்குகிறவன் கர்ணன். வில்லியின் பாரதத்தில் தூதுச் சருக்கம் இந்த வகையில் இன்னும் கூர்மையானது. கண்ணனுக்குத் தன் வீட்டில் விருந்திட்டதற்காகத் துரியோதனன் சபையில் இழித்துப் பேச, விதுரன் தன் வில்லை முறித்துப் போடுகிறார். இந்தப் போரில் நான் இல்லை என்று விலகுகிறார். போருக்கு வரமாட்டேன் என்று ஒருவன் சபையறியச் சொல்கிற காட்சி. தூதுக்குப் புறப்படும் முன் கண்ணன் பாண்டவர் ஒவ்வொருவரின் கருத்தையும் கேட்கும்போது சகாதேவன் சொல்லும் பதில் அதைவிடத் துணிச்சலானது. கர்ணனுக்கு முடிசூட்டி, அர்ச்சுனனைக் கொன்று, திரௌபதியின் கூந்தலைக் களைந்து, உன்னையும் கட்டிப்போட்டால் பாரதப் போர் நிற்கும் என்கிறான். கடவுளின் முகத்துக்கு நேராக, இந்தப் போரில் உனக்கும் பங்குண்டு என்று சொல்லுகிற பாத்திரத்தைத் தமிழ்ப் பாரதம் தன் நடுவில் வைத்திருக்கிறது. கிருஷ்ணன் தூது கூத்தில் இந்தத் தர்க்கம் சூடுபிடித்தால் நள்ளிரவு கடந்தும் ஓயாது.

அரவான் களபலியிலும் அபிமன்னன் சண்டையிலும் கேள்வி வெற்றி பெற்ற பக்கத்தை நோக்கித் திரும்புகிறது. களபலிக்குரிய சாமுத்திரிகா இலட்சணம் முழுதாக அமைந்தவர்கள் மூவர்தான்: கண்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரும் வேண்டும் என்பதால் மூன்றாமவன் வெட்டப்படுகிறான். நல்லவர்கள் என்று நாம் நம்புகிறவர்கள் போர் தொடங்கும் முன்பே தங்கள் பிள்ளை ஒருவனைத் தாங்களே பலியிடுகிறார்கள். வெட்டுண்ட தலை பதினெட்டு நாளும் போரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. அபிமன்னனைச் சக்கர வியூகத்துக்குள் அனுப்பியவர் தருமர். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று பையன் சொல்லியும் அனுப்பினார். தருமத்தின் பெயரைத் தாங்கியவரும் ஒரு தாய் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. வடாற்காட்டுக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் இந்த இரவில் சுபத்திரையின் புலம்பலைக் கேட்டு அழுவதற்குப் புராண அறிவு தேவையில்லை.

கர்ண மோட்சம் தனியாகப் பேச வேண்டிய கூத்து. இறந்தவருக்காகக் கருமாதி நாளிலும் இதை வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். 1964இல் வந்த பந்துலுவின் ‘கர்ணன்’ படத்துக்குப் பிறகு தமிழர் பலருக்குக் கர்ணன் என்றால் கொடைதான். கூத்து அவனைக் கொடையிலிருந்து தொடங்குவதில்லை, வீட்டிலிருந்து தொடங்குகிறது. போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று அவனை இளப்பமாக நடத்தியவள் அவள். தாம்பூலம் வாங்க நிற்கும் நேரத்தில் இருவருக்கும் இடையே வாழ்நாள் முழுவதும் சேர்ந்த கசப்பு பேச்சாக வெளிவருகிறது. இந்தக் காட்சியைத் தேர்ந்த கலைஞர்கள் ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், ஒரு அம்புகூடப் பறக்காது. பின்னால் களத்தில் அவன் விழுந்து கிடக்கையில் குந்தி ஓடிவந்து மகனே என்று மடியில் கிடத்துவாள். உயிரோடு இருந்தபோது ஊரறியச் சொல்லாத உறவைப் பிணத்தின் முன்னால் சொல்கிறாள். அவள் காலம் கடந்து சொன்ன அந்த ஒரு சொல்லை முன்பே சொல்லியிருந்தால் போர் வந்திருக்குமா என்று பார்ப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கருமாதி வீட்டில் இதை வைத்த முன்னோர் மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள். செத்தவரிடம் சொல்லாமல் விட்டது எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும்.

பதினெட்டாம் போரின் நாயகன் துரியோதனன். அது எனக்கு என்றும் முக்கியமாகப் படுகிறது. தம்பிகளையும் நண்பனையும் இழந்து, தடாகத்து நீருக்குள் ஒளிந்து கிடந்து, வெளியே வந்து, தனியாளாக நிற்கிற அந்த மனிதனை ஊர் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிப்பது முறையல்ல. கண்ணன் தொடையைக் காட்ட, வீமன் அங்கேயே அடிக்கிறான். பாண்டவர் பக்கம் நின்று அழுத ஊர் அந்த அடியை மறைக்காமல் ஆடிக் காட்டுகிறது. தொடை முறிந்து கிடப்பவனிடம் அசுவத்தாமன் நள்ளிரவில் ஐந்து தலைகளைக் கொண்டுவந்து, பாண்டவர் தலை இவை என்கிறான். உற்றுப் பார்க்கிற துரியோதனனுக்கு அவை இளம்பிள்ளைகளின் தலைகள் என்று தெரிகிறது. பகைவனின் குழந்தைகளுக்காக அவன் துடிக்கிறான். குலத்தில் விளக்கேற்ற ஒருவரும் இல்லாமல் செய்துவிட்டாயே என்று நொந்துகொள்கிறான். போரைத் தொடங்கியவனே அதன் கடைசிக் கணக்கைப் பார்த்து நடுங்குகிற இந்த இடத்துக்காக விடியும் வரை கண் விழிக்கலாம்.

விடிந்தால் படுகளம். ஊரின் மைதானத்திலோ வயல்வெளியிலோ துரியோதனனை மண்ணால் மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். நாற்பது அடிக்குக் குறையாது. சில ஊர்களில் அறுபது அடியையும் தாண்டும். மார்பு மேடாக, கிரீடம் தனியாக எழும்பி, கண்ணும் மீசையும் வண்ணப் பொடியில் தீட்டி, கையில் கதையோடு கிடக்கும் உருவம். தொடைப் பக்கத்தில் சிவப்பு நீர் நிறைத்த சட்டியை மண்ணுக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். இரவெல்லாம் ஆடிக் கண் சிவந்த இரண்டு வேஷக்காரர்களும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். மேடை, திரை, விளக்கு எதுவும் கிடையாது. துரத்தல் கூட்டத்துக்குள் புகுந்து வருகிறது. கடைசியில் வீமன் தொடையில் அடிக்கிறான். சிவப்பு பீறிடுகிறது. அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தலை முடிகிறார்கள், பூ வைக்கிறார்கள். பம்பையும் குலவையும் காதைப் பிளக்கும்.

அதே நேரத்தில், அதே மண் உருவத்தின் அருகில், பெருந்திருவாள் வருகிறாள். துரியோதனனின் மனைவி. முறமும் துடைப்பமுமாக, தலைவிரிகோலமாக, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். ஒரு பெண்ணின் கூந்தல் முடிகிற இடத்தில் இன்னொரு பெண்ணின் கூந்தல் அவிழ்கிறது. சபதம் நிறைவேறிய மகிழ்ச்சியை ஊர் முழுதாகக் கொண்டாட இந்த நாடகம் விடுவதில்லை. அழுகிறவள் வேஷம்தான், ஆனால் சுற்றி நின்று அவளோடு சேர்ந்து அழுகிற பெண்கள் வேஷம் கட்டாதவர்கள். சில ஊர்களில் செத்தவர்களாகப் படுத்துக் கிடப்பவர்களை அம்மன் வந்து எழுப்புவதும் நடக்கும். கலைந்து போகும்போது மண் உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்கள் உண்டு. அது துரியோதனனின் உடம்பு மண். மாலையில் காப்புக் கட்டியவர்கள் தீயில் இறங்குகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு நூல் செய்தி உதவும். வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு முடிந்துவிடுகிறது. நள்ளிரவுக் கொலையைச் சொல்லும் சௌப்திக பருவமே கடைசி. வியாச பாரதத்தில் அதற்குப் பிறகு வருவது பெண்கள் களத்துக்கு வந்து பிணங்களைத் தேடி அழுகிற பருவம். வில்லியார் அதைப் பாடவில்லை. கவிஞர் நிறுத்திய இடத்திலிருந்து ஊர் எடுத்துக்கொண்டது என்றே நான் படுகளத்தைப் புரிந்துகொள்கிறேன். ஏட்டில் இல்லாத பெண்கள் பருவத்தைக் கிராமங்கள் ஆண்டுதோறும் வெயிலில் நின்று தங்கள் உடம்பால் எழுதுகின்றன. போருக்குப் பிறகான துக்கத்துக்கு யார் பொறுப்பேற்பது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை: மண் சுமந்து உருவம் செய்தவர்கள், வரி கொடுத்தவர்கள், பார்க்க வந்தவர்கள், எல்லோரும்.

விதி என்று ஒன்று இருக்கிறதே, எல்லாம் கண்ணன் ஆட்டிவைத்தது என்றுதானே கூத்தும் சொல்கிறது என்று கேட்கலாம். சொல்கிறதுதான். பிரசங்கியார் பந்தலில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் கூத்தில் விதியைச் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். தவறு செய்த பாத்திரம் தன் தவறைச் சொல்லி முடித்த பிறகே விதியின் பெயரை எடுக்கிறது, பெரும்பாலும் அழுகையின் நடுவில். ஆறுதலுக்கு விதி, விசாரணையில் அதற்கு இடமில்லை. குந்தி விதியை நொந்துகொள்ளும்போது யாரும் அவளை விடுவிப்பதில்லை, அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

விசாரணை பந்தலோடு நின்றுவிடும்போதுதான் எனக்கு மனம் பதைக்கிறது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போகக் கூடாது என்று தடுத்ததில் பிரச்சினை முற்றி, 2023 ஜூனில் வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். சபையில் ஒரு பெண் இழிவுபடுத்தப்பட்டபோது பேசாமல் இருந்தவர்களை இரவெல்லாம் பழித்துவிட்டு, காலையில் அதே அம்மன் வாசலில் சக மனிதரைத் தடுப்பது பாரதத்தைக் கேட்காததற்குச் சமம். பந்தலில் யார் எங்கே உட்காரலாம், படுகளத்துக்கு யார் மண் சுமக்கலாம், சாமி யார் தெரு வரைக்கும் வரும் என்பவை கலை விமர்சனத்துக்கு வெளியே உள்ள விஷயங்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த நாடகத்தின் நடுக் கேள்வியே அவைதான். விகர்ணனைப் போல எழுந்து நின்று இது தகாது என்று சொல்கிற ஆட்கள் விழாக் குழுவில் வேண்டும்.

கூத்தின் இந்த வலுவை வெளியுலகம் அறிந்திருக்கிறது. 2015 நவம்பரில் பாரிஸ் நகரத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு, அங்குள்ள சூரிய நாடகக் குழுவின் இயக்குநர் ஆரியன் முனுஷ்கின் தம் நடிகர்களோடு புதுச்சேரிக்கு வந்தார். இப்படியொரு காலத்தில் நாடகத்தால் என்ன செய்ய முடியும் என்பதே அவரை அலைக்கழித்த கேள்வி. அந்த நடிகர்களுக்குக் கூத்து பயிற்றுவித்தவர் இந்த மாவட்டத்துப் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன். 2016இல் பாரிஸில் அரங்கேறிய ‘இந்தியாவில் ஒரு அறை’ நாடகத்தின் நடுவே துகிலுரிதலும் கர்ணனின் மரணமும் கூத்தாகவே வந்தன. ஐந்து தலைமுறையாகக் கூத்தாடுகிற புரிசைப் பரம்பரை, கண்ணப்பத் தம்பிரான் காலத்திலேயே பிரெக்டின் வெள்ளை வட்டக் கதையைக் கூத்துக்குள் கொண்டுவந்திருந்தது. அதுவும் போரின் நடுவில் கைவிடப்பட்ட குழந்தைக்கு யார் பொறுப்பு என்று கேட்கிற கதை. புரிசையில் கூத்தைக் கற்றுச் சென்னையில் கூத்துப்பட்டறையை வளர்த்த ந. முத்துசாமி, தம் நாடகம் ஒன்றுக்குப் ‘படுகளம்’ என்றே பெயர் வைத்தார்.

ஈழத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. அங்கே போர் கூத்தில் மட்டும் வரவில்லை. கிழக்குக் கரையில் கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதச் சடங்கும் தீமிதியும் இன்றும் உண்டு. வடக்கில் 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ ஊர் ஊராக ஆடப்பட்டது. பார்த்தவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளையே மேடையில் கண்டார்கள். எரிகிற வீட்டுக்குள் நின்றுகொண்டு ஆடிய நாடகம் அது. நம்முடைய கிராமங்களுக்கு வாய்த்த இரண்டரை நூற்றாண்டுத் தொலைவு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்தத் தொலைவு நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதாலேயே அதை வீணாக்கக் கூடாது.

வீணாகிற ஆபத்து இப்போது வேறு வழியில் வருகிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, ஏறிப்போன செலவு, ராத்திரி முழுக்க உட்காராத இளைஞர்கள் என்று பல காரணங்களால் விழாக் குழுக்கள் கூத்து இரவுகளைக் குறைக்கின்றன. நிதி நெருக்கடி உண்மையானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். எதைக் குறைக்கிறார்கள் என்பதே என் கவலை. தபசு மரம் ஏறுவதும் படுகளமும் தீமிதியும் கூட்டம் சேர்ப்பவை, அவற்றில் கை வைப்பதில்லை. கிருஷ்ணன் தூதின் தர்க்கம் அரை மணிக்குள் சுருங்குகிறது. விதுரன் வில் முறிக்கிற இடம் காணாமல் போகிறது. பொன்னுருவியின் பேச்சை இழுவை என்று சொல்லி வாத்தியாரிடம் குறைக்கச் சொல்கிறார்கள். அப்படிக் குறைத்தால் மிஞ்சுவது அடிதடியும் ரத்தமும் பட்டாசும். பதில் சொல்லாத போரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பையனுக்கு மண் துரியோதனன் செல்போனில் படம் பிடிக்கத்தக்க ஒரு பெரிய பொம்மையாகவே இருப்பான்.

வழி இல்லாமல் இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே கட்டிவந்த வேஷங்களைப் பெண்கள் கட்டியபோது துகில் இரவின் கேள்விகள் இன்னும் கூர்மையாயின. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துப் பள்ளிகளிலும் ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டு நடனம் வைக்கிற நேரத்தில் அரை மணியை ஒதுக்கி, உள்ளூர் வாத்தியார் ஒருவரை அழைத்து, விகர்ணன் பேசுகிற காட்சியைப் பிள்ளைகளைக் கொண்டு ஆட வைக்கலாம். கிரீடமும் புஜக்கட்டையும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. யார் நீ, எதற்கு வந்தாய் என்று கேட்க ஒரு கட்டியக்காரன் இருந்தால் போதும். இரவுகளைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வருகிற ஊர்க் கூட்டத்தில், தூதையும் கர்ண மோட்சத்தையும் முழு இரவாக வைத்துக்கொண்டு மற்றவற்றில் கை வையுங்கள் என்று சொல்ல அந்தப் பிள்ளைகளில் யாராவது பின்னாளில் எழுந்திருப்பார்கள்.